கீபோர்டில் இருந்த மெலிஞ்ச பெடியன்

ஸ்காபரோ, கனடா
11.02.2024

அன்புள்ள அண்ணைக்கு,

மாதா துணையால இஞ்ச எல்லாரும் சுகம். நீங்களும் பெனிற்றா மச்சாளும் அங்க நல்ல சுகத்தோட இருக்க வேணுமெண்டு செபமாலையில நினைக்காத நாளில்லை. எனக்கு முழங்கால் நோ இந்தக் குளிருக்குக் கொஞ்சம் கூட. மற்றும்படி குறையில்லை.

போன் எடுத்தா ரெண்டு தரம் "என்ன, என்ன" எண்டு கேட்டுப்போட்டு மச்சாளிட்டக் குடுத்திடுறியள். வட்சப்பில எழுதினா பெருவிரலை அனுப்புறியள். அதுதான் பழையபடி பேனையை எடுத்திருக்கிறன். கடிதமெண்டா நீங்கள் பதில் எழுதுவியள் எண்டு தெரியும்.

விசயம் இதுதான். போன கிழமை மகள் பிறின்சி கொம்பியூட்டரில ஒரு பக்கத்தைக் காட்டினாள். அந்தக் காலத்து றொக் பாண்டுகளை நேரில பாத்த ஆக்கள் தங்கட ஞாபகங்களை எழுதுற இடம். அதில "வின்ரர் ஃபெரி" பாண்டுக்கெண்டே ஒரு பகுதி இருக்கு. எந்த வருசம், எந்த ஆக்களோட பாத்தது எண்டு ஒரே சண்டை. முதல் பாடகரோட பாத்தவை, பிறகு வந்தவரைப் பாண்டிலேயே சேர்க்கினமில்லை. பிறகு வந்தவரைப் பாத்தவைக்கு அவர்தான் பாண்ட். அதுக்குள்ள ஒருத்தர் கேட்டிருக்கிறார்: எண்பத்தைஞ்சு குளிர்காலம், நியூகாசிலில, கீபோர்டில இருந்த மெலிஞ்ச பெடியன் ஆர்? இந்திய மாணவன் எண்டு ஒருத்தர். அப்பிடி ஒருத்தரும் இருக்கேல்லை, அது டேப் எண்டு இன்னொருத்தர்.

பிறின்சி திரும்பிப் பாத்து, "அம்மா, இது மாமாவோ?" எண்டாள்.

ஓம் எண்டன். அதுக்குமேல சொல்ல என்னட்ட ஒண்டுமில்லை, அண்ணை. நீங்கள் அந்தப் பாண்டில வாசிச்சதை நான் ஒருநாளும் பாக்கேல்லையே. அப்ப நான் ஊரில, பாசையூரில. நான் லண்டனில வந்து இறங்கி அடுத்த மாதமே நீங்கள் எயார்போட்டில பிளேனுக்குச் சாப்பாடு ஏத்துற வேலைக்குப் போயிட்டியள்.

ஆறுதலாயிருந்து எழுதுங்கோ. மச்சாளுக்கு என்ர அன்பைச் சொல்லுங்கோ.

உங்கட தங்கச்சி,
டொலறஸ்


கோலியர்ஸ் வுட், லண்டன்
10.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். பெனிற்றாவும் சுகம், சீனி மட்டும் கொஞ்சம் ஏறி இறங்குது. உன்ர முழங்காலுக்கு இளஞ்சூட்டில எண்ணெய் போட்டுப் பார்.

கடிதம் வந்து கன நாள். பதில் எழுத மேசைக்கு வாறதும் எழும்பிப் போறதுமாயிருந்தன்.

ஓம், அது நான்தான். டேப் இல்லை.

முதல் நானும் டிக்கெற் எடுத்துப் பாத்த ஆள்தான். படிக்க வந்த வருசம் ஹமர்ஸ்மித் மண்டபத்தில, மேல்தட்டில கடைசி வரிசையில இருந்து அந்தப் பாண்டைப் பாத்தன். அப்ப கோலின் எண்டவன் ஓகன் வாசிச்சான். கோயிலில குனிஞ்ச தலை நிமிராமல் ஓகன் வாசிச்சுப் பழகின எனக்கு, அவன் அதைப் பிடிச்சு உலுப்பின உலுப்பைப் பாக்க, இருக்க ஏலாமல் எழும்பி நிண்டிட்டன். பிறகு நான் ரூட்டிங்கில ஒரு வாத்தியக்கடையில சனிக்கிழமைகளில நிண்டனான், உனக்குத் தெரியும். ஒருநாள் அந்தப் பாண்டில பேஸ் கிற்றார் வாசிக்கிற டெரிக் உள்ள வந்தான். கோலினுக்கும் பாடகனுக்கும் கொழுவல், கோலின் போயிட்டான், அடுத்த கிழமை ஊர் ஊராப் போக வேணும், வாடகைக்கு ஒரு கீபோர்ட் தா எண்டான். இதில என்ன சத்தமெல்லாம் வருமெண்டு வாசிச்சுக் காட்டச் சொன்னான். நான் அவங்கட பாட்டையே வாசிச்சன்.

அப்பிடித்தான் அவங்களோட மேடையேறினன். முதல் ஊரில நான் போய் இருந்த உடன "கோலின் எங்க?" எண்டு சனம் கத்திச்சு. அவையைக் குறை சொல்லேலாது. கீழ இருந்திருந்தா நானும் அதைத்தான் கேட்டிருப்பன். நியூகாசிலில மட்டும், கோலின் தனிய வாசிக்கிற நீளமான இடத்தில, என்னையறியாமல் பெரிய வெள்ளிக்கு எங்கட கோயிலில பாடுற புலம்பல் மெட்டு கையில வந்திட்டுது. மண்டபம் அடங்கிப்போச்சு. டெரிக் என்னைத் திரும்பிப் பாத்தான். நிப்பாட்டச் சொல்லேல்லை.

குளிர்காலம் முடிய கோலின் திரும்பி வந்தான். நான் வந்திட்டன். அவ்வளவுதான் கதை. பிறின்சியை இதுகளைக் கிளற வேண்டாமெண்டு சொல்.

அண்ணை,
கிறிஸ்துராஜா


ஸ்காபரோ
28.03.2024

அன்புள்ள அண்ணைக்கு,

இது கிடைக்கேக்க உயிர்த்த ஞாயிறு முடிஞ்சிருக்கும். உங்கள் ரெண்டு பேருக்கும் என்ர வாழ்த்து. மச்சாளைச் சோறைக் குறைக்கச் சொல்லுங்கோ. எண்ணெய் போட்டுப் பாத்தன், சுகமாயிருக்கு.

உங்கட கடிதத்தை வாசிச்சு அழுதிட்டன் எண்டு சொன்னாச் சிரிப்பியள். இவ்வளவு காலத்தில எனக்கு இதெல்லாம் ஒருநாளும் சொன்னதில்லை.

கோவிக்காதேங்கோ. உங்கட கடிதம் வரமுதலே பிறின்சி அந்தப் பக்கத்தில உங்கட பேரைப் போட்டிட்டாள். அதுக்கு லீட்ஸிலயிருந்து மோறீன் எண்டொரு மனுசி எழுதியிருக்கிறா. அந்தப் பாண்டை வேற வேற ஆக்களோட கனதரம் பாத்தவவாம். நியூகாசிலில அந்தப் பெடியன் வாசிச்சதுதான் இண்டைக்கும் மனதில நிக்குதாம். அது என்ன மெட்டு எண்டு தெரியாமலே இத்தனை வருசமும் வாயுக்குள்ள முணுமுணுக்கிறவவாம். அவர் உயிரோட இருக்கிறாரோ எண்டு கேட்டிருக்கிறா.

அதோட டெரிக்கின்ர ஆக்களும் எழுதியிருக்கினம். வாற ஒக்டோபர் ஹமர்ஸ்மித்தில கடைசி நிகழ்ச்சியாம். பாண்டில எப்பவாவது வாசிச்ச எல்லாரையும் மேடைக்குக் கூப்பிடப்போகினமாம். உங்கட விலாசம் கேட்டவை. குடுக்கட்டோ?

அன்புத் தங்கச்சி,
டொலறஸ்


கோலியர்ஸ் வுட்
05.05.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். இஞ்ச மழை. பெனிற்றா சோறு குறைச்சிட்டா, இப்ப ரெண்டு துண்டு பாண் சாப்பிட்டுச் சமாளிக்கிறா.

விலாசம் குடுக்க வேண்டாம். நான் வரேல்லை. எனக்கு நேரமில்லை எண்டு எழுதிவிடச் சொல்.

அந்த மனுசிக்கு மட்டும், நான் உயிரோட இருக்கிறன், நன்றி எண்டு பிறின்சியைக் கொண்டு ஒரு வரி போடு.

தமிழ்ப் பூசையில இப்ப எனக்குப் பதிலா ஜெஸ்ரின்தான் ஓகன் வாசிக்கிறான், எங்கட இராஜேந்திரன்ர மகன். பழகட்டுமெண்டு விட்டிருக்கிறன். பிழையில்லை எண்டு சொல்லுகினம்.

அண்ணை


ஸ்காபரோ
24.05.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நலம். உங்கட சின்னக் கடிதம் கிடைச்சது. பென்சன் எடுத்து வீட்டில இருக்கிற ஆளுக்கு நேரமில்லை எண்டதை நான் நம்ப வேணும்.

"பிழையில்லை எண்டு சொல்லுகினம்" எண்டு எழுதியிருக்கிறியள். நீங்கள் பூசைக்குப் போறேல்லையோ?

ஒண்டு கேக்கட்டோ. கன வருசமாக் கேக்க நினைச்சுக் கேளாமல் விட்டது. கோலின் திரும்பி வந்தது எண்பத்தாறு சித்திரையில எண்டு அந்தப் பக்கத்தில எழுதியிருக்கினம். நான் லண்டனில வந்து இறங்கினது மாசி. நீங்கள் எயார்போட் வேலைக்குப் போனது பங்குனி. கோலின் வரமுதலே நீங்கள் விட்டிட்டியள். எனக்காகவோ?

ஒளிக்காமல் எழுதுங்கோ, அண்ணை. அப்பா அப்ப உங்களுக்கு எழுதின கடுமையான கடிதங்களும் எனக்குத் தெரியும். "கோயில் ஓகனைக் குடிகாரருக்கு முன்னால கொண்டுபோய் வைச்சிருக்கிறான்" எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவர். ஆனா அப்பாவுக்குப் பயந்து நீங்கள் விட்டிருக்க மாட்டியள்.

தங்கச்சி


கோலியர்ஸ் வுட்
30.06.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம்.

உனக்காக இல்லை. அந்தத் தொழிலில இடைக்கு வந்த ஆள் இடைக்குப் போறதுதான். ஒரு தேத்தண்ணியைத் தந்து கை குடுத்து அனுப்பினாங்கள். எனக்கும் அது சந்தோசம்தான், அந்தச் சத்தத்தோட ஆர் கிடந்து உழலுறது.

இதைப்பற்றி இனி எழுதாதே.

அண்ணை


கோலியர்ஸ் வுட்
14.07.2024

அன்புள்ள டொலறஸ் மச்சாளுக்கு,

பெனிற்றா எழுதிறன். சுகமாயிருக்கிறியளோ? பிறின்சியையும் பேரப்பிள்ளையளையும் கேட்டதாச் சொல்லுங்கோ. நான் எழுதினது அவருக்குத் தெரிய வேண்டாம்.

மச்சாள், அவருக்குக் காது போட்டுது. வலது காது முழுக்கக் கேக்காது. இடதில கொஞ்சம் இருக்கு, ஆனா சுருதி மாறித்தான் கேக்குதாம். ஒரு கட்டையை அமத்தினா பக்கத்துக் கட்டையின்ர சத்தம் வருதாம். மேடையில கொஞ்சம், பிளேனுக்குக் கீழ நிண்ட வருசங்களில மிச்சம் எண்டு டொக்டர் சொன்னார். காதுக்கு மிசின் போட்டா கதை விளங்கும், பாட்டு விளங்காது. அந்த மிசினையும் அவர் மேசை லாச்சிக்குள்ள போட்டு மூடி வைச்சிருக்கிறார்.

போன வருசம் தவக்காலத்தில ஒரு ஞாயிறு, பாட்டை எங்கயோ ஒரு சுருதியில தொடங்கிட்டார். பாடகர் குழு தடுமாறி நிண்டிட்டுது. அவர் மட்டும் வாசிச்சுக்கொண்டே போனார். நான் போய்த் தோளில தொட்டனான். அண்டையில இருந்து அவர் ஓகனுக்குக் கிட்டப் போறதில்லை. இங்கிலிஸ் பூசையில பின்வாங்கில இருந்திட்டு வாறார்.

உங்கட கடிதங்கள் வந்தா பல தரம் எடுத்து வாசிக்கிறார். சந்தோசமோ துக்கமோ எனக்குத் தெரியேல்லை. ஆனா அவரை மேடைக்கு ஏறச் சொல்லிக் கரைச்சல் குடுக்காதேங்கோ. ஆக்களுக்கு முன்னால இன்னொருக்கா அப்பிடி நடந்தா அவர் தாங்கமாட்டார்.

நீங்கள் கேட்டதுக்கு அவர் என்ன எழுதினார் எண்டும் தெரியும். அந்த நேரம் நாங்கள் கலியாணம் பேசியிருந்த காலம், அதால எனக்குத் தெரியும். அமெரிக்காவுக்கு வரச்சொல்லிப் பாண்ட் கேட்டது. தங்கச்சி வந்திருக்கிறாள், அவளைத் தனிய விட்டிட்டு வர ஏலாது எண்டு இவர்தான் சொன்னவர். அதுக்குப் பிறகுதான் கோலினைக் கூப்பிட்டவை. உங்களை நோகடிக்க எழுதேல்லை. பொய்யில நீங்கள் இருக்கக்கூடாது எண்டு பட்டுது.

அன்புடன்,
பெனிற்றா


ஸ்காபரோ
18.08.2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமாயிருப்பியள் எண்டு நம்பிறன். இஞ்ச நல்ல வெயில். தக்காளி காய்ச்சுக் கொட்டுது, ஊறுகாய் போட்டு வைச்சிருக்கிறன், கொண்டு வருவன்.

ஓம், வாறன். ஒக்டோபருக்குப் பிளேன் டிக்கெற் போட்டிட்டன். ஹமர்ஸ்மித்துக்கு பிறின்சி ரெண்டு சீற் எடுத்திட்டாள், உங்களுக்கும் எனக்கும். மச்சாளுக்கு அந்தச் சத்தம் தலையிடி எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் வாசிக்க வேண்டாம். மேடைக்கும் போக வேண்டாம். உங்கட விலாசமும் சீற் நம்பரும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. வருவார் எண்டு மட்டும்தான் டெரிக்கின்ர ஆக்களுக்குப் பிறின்சி எழுதினவள்.

எனக்குப் பக்கத்தில இருந்து, அது எப்பிடி இருந்ததெண்டு காட்டுங்கோ. அவ்வளவுதான் நான் கேக்கிறது.

தங்கச்சி,
டொலறஸ்


கோலியர்ஸ் வுட்
03.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாய்ப் போய்ச் சேர்ந்தது பெனிற்றா சொல்லித் தெரியும். நீ போனபிறகு வீடு வெறிச்செண்டு கிடக்கு. ஊறுகாய் முடிஞ்சுது.

காது விசயம் நீ இஞ்ச நிண்ட நாளுகளில கண்டுபிடிச்சிருப்பாய். ஒண்டும் கேளாமல் விட்டதுக்கு நன்றி. நான் எழுதாமல் விட்டதுக்குக் கோவிக்காதே. எழுதினா அது உண்மையாப் போயிடும் எண்டொரு பயம்.

அண்டைக்கு ஹமர்ஸ்மித்தால திரும்பி வரேக்க ரெயினில சொல்லாமல் விட்டது கன விசயம். இப்ப எழுதிறன்.

எனக்குச் சத்தம் நெஞ்சாலயும் காலாலயும்தான் வந்தது. மற்றதெல்லாம் கண்ணால. மேடையில முதல் ஆக்களில டெரிக் மட்டும்தான், அவனும் கதிரையில. பாடினவன் என்ர மகன் வயது. கீபோர்டில இருந்த பெட்டை கோலின் மாதிரியும் வாசிக்கேல்லை, என்னை மாதிரியும் வாசிக்கேல்லை, கையைப் பாத்தே சொல்லுவன். நல்லா வாசிச்சாள் எண்டுதான் நினைக்கிறன். உனக்குப் பக்கத்தில இருந்த கிழவன் அழுதவன், கண்டனியோ? அவனுக்கு அதுதான் வின்ரர் ஃபெரி. ஆர் இருந்தா என்ன.

பிறகு பழைய ஆக்களை ஒவ்வொருத்தரா மேடைக்குக் கூப்பிட்டினம். டெரிக்கின்ர வாய் அசையும், ஒருத்தர் ஏறுவார், நாங்கள் தட்டுவம். கோலினும் தடியோட வந்தான். கடைசியில முழு மண்டபமும் எழும்பி நிண்டு தட்டிச்சு, ஆனா ஒருத்தரும் ஏறேல்லை. செத்துப்போன டிரம்ஸ்காரனுக்காக்கும் எண்டு நினைச்சு நானும் எழும்பித் தட்டினன். ஆருக்கெண்டு கேக்க உன்னைப் பாத்தன். நீ குனிஞ்சு கைப்பைக்குள்ள எதையோ தேடிக்கொண்டிருந்தாய்.

என்ர பேரைக் கூப்பிடேல்லை. கூப்பிட்டா ஏறுறேல்லை எண்டுதான் வீட்டில இருந்து வெளிக்கிட்டனான். அங்க இருக்க இருக்க மனம் மாறிப்போச்சு. கூப்பிட்டிருந்தா ஏறியிருப்பன், தங்கச்சி. வாசிச்சிருக்க மாட்டன், அவ்வளவுக்கு விசரில்லை. டெரிக்குக்குக் கையைக் குடுத்திட்டு அந்த வெளிச்சத்தில கொஞ்சநேரம் நிண்டிட்டு இறங்கியிருப்பன்.

பரவாயில்லை. ஒரு குளிர்காலத்து ஆளை ஆர் நினைவில வைச்சிருப்பினம். நீ கூட்டிக்கொண்டு போனதுக்குச் சந்தோசம்.

அண்ணை


ஸ்காபரோ
12.12.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் ரெண்டு பேரும் சுகமெண்டு மச்சாள் சொன்னவ. எனக்கு உடம்புக்கு ஒண்டுமில்லை.

உங்கட கடிதம் வந்து ஒரு மாதமாப் போச்சு. பதில் எழுதிக் கிழிச்சுப்போட்டன், திரும்ப எழுதினன், அதையும் கிழிச்சன். இதையும் கிழிக்கமுதல் போஸ்ற் பண்ணிப்போட வேணும்.

கூப்பிட்டவை, அண்ணை. டெரிக் உங்கட பேரைத்தான் கூப்பிட்டவர். சனம் எழும்பி நிண்டு தட்டினது உங்களுக்குத்தான். நீங்களும் எழும்பி நிண்டு தட்டினியள். நான் உங்கட கையைப் பிடிச்சு அங்க பாருங்கோ எண்டு சொல்லியிருக்க வேணும். பிடிக்கக் கை நீட்டினன், பிறகு எடுத்திட்டன்.

உங்கட காதைப்பற்றி மச்சாள் ஆடியிலேயே எனக்கு எழுதினவ. கோயிலில நடந்ததையும் எழுதினவ. அவவோட கோவிக்காதேங்கோ, உங்களில இரக்கப்பட்டுத்தான் எழுதினவ. மேடையில ஏத்திக் கீபோர்டுக்கு முன்னால இருத்திப்போடுவினமோ, நீங்கள் பிழையா வாசிக்கச் சனம் சிரிக்குமோ எண்டு எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. கைப்பைக்குள்ள நான் ஒண்டும் தேடேல்லை. உங்கட முகத்தைப் பாக்க ஏலாமல் குனிஞ்சனான்.

அமெரிக்கா விசயமும் தெரியும். அப்ப ஒருக்கா, இப்ப ஒருக்கா. ரெண்டு தரமும் நான்தான் உங்களை மேடையேற விடாமல் வைச்சிருக்கிறன். மன்னியுங்கோ எண்டு எழுத வெக்கமாயிருக்கு.

டொலறஸ்


கோலியர்ஸ் வுட்
16.02.2025

டொலறஸுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமெண்டு நம்பிறன்.

கோவம் வந்ததுதான். இல்லையெண்டு எழுதினா அது பொய். நத்தாருக்கு வாழ்த்து மட்டை போடாததும், நீ எடுத்தநேரம் போனுக்கு வராததும் அதாலதான். பெனிற்றாவோடயும் கொஞ்சநாள் முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

அமெரிக்காவை நீ உன்ர தலையில போடாதே. அது என்ர முடிவு. சண்டை நடந்த ஊரில, நெருப்புக்குள்ள இருந்து வந்தனி, உன்னை ஒரு அறையில தனிய விட்டிட்டு நான் எங்க போறது. இண்டைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன். ஆனா ஒக்டோபரும் என்ர முடிவா இருந்திருக்க வேணும். நான் விழுந்திருந்தா விழுந்திருப்பன். என்னைக் கேட்டிருக்க வேணும், பிள்ளை.

இப்ப டெரிக்குக்கு எழுத பிறின்சியிட்ட விலாசம் கேட்டா, அவர் போன மாதம் செத்துப்போயிட்டாராம் எண்டு அறிவிச்சிருக்கிறாள். இனி அவனிட்டக் கேக்க ஏலாது. உன்னட்டத்தான் கேக்கலாம்.

அவன் என்ன சொன்னவன்? என்ர பேரை எப்பிடிச் சொன்னவன்? சனம் எப்பிடித் தட்டிச்சு? உனக்கு நல்ல காது. கேட்டதைக் கேட்டபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுது.

அண்ணை


ஸ்காபரோ
02.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கட எழுத்தை உறையில கண்டதே எனக்குப் போதும். மச்சாளோட கதைக்கிறியள்தானே. அவவைப் பாத்துக்கொள்ளுங்கோ.

கேட்டதை எழுதிறன்.

கோலின் வந்து டெரிக்குக்குப் பக்கத்தில நிண்ட பிறகு சத்தம் கொஞ்சம் அடங்கிச்சு. டெரிக் மைக்கைக் கிட்ட எடுத்தார். அவருக்கு மூச்சு வாங்கிறது மைக்கில கேட்டுது. "இன்னும் ஒருத்தர் இருக்கிறார்" எண்டார். "ஒரே ஒரு குளிர்காலம் எங்களோட இருந்தவர். அந்த வருசம் அவர் இல்லையெண்டா இந்தப் பாண்ட் இல்லை. நாங்கள் அவருக்கு ஒழுங்கா நன்றி சொல்லேல்லை." பிறகு உங்கட பேரைச் சொன்னார். கிறிஸ்து எண்டு சொல்லி நிப்பாட்டி, ராஜா எண்டார். ரெண்டு ஆக்களின்ர பேர் மாதிரி. பிழையாச் சொன்னனோ எண்டு யோசிச்சுப்போட்டு இன்னொருக்காச் சொன்னார், ரெண்டாம் தரம் சரியா வந்தது.

முதல் ஒரு சத்தமும் இல்லை. பிறகு இடதுபக்கத்தில ஆரோ ஒருத்தர் தட்டத் தொடங்கினார். அங்கயிருந்து பரவிச்சு. மழை மாதிரி எண்டு எழுதப் பாத்தன், அப்பிடியில்லை. மழை எல்லா இடத்திலயும் ஒண்டாப் பெய்யும். இது ஒரு பக்கத்தில கூட, ஒரு பக்கத்தில குறைய, பிறகு கதிரையள் மடிஞ்சு அடிக்கிற சத்தம், ஆக்கள் எழும்பினம் எண்டு அதிலதான் எனக்குத் தெரிஞ்சுது. கால் தட்டினவை, விசில் அடிச்சவை. எனக்குப் பின்னால ஒரு ஆம்பிளை "வாங்கோ, வாங்கோ" எண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

நான் நிமிர்ந்து பாக்கேக்க, டெரிக் நெத்தியில கையை வைச்சு வெளிச்சத்தை மறைச்சுக்கொண்டு சனத்துக்குள்ள தேடிப் பாத்தார். கன நேரம் பாத்தார். சனமும் விடாமல் தட்டிச்சு. பிறகு அவர் மைக்கில, "இருக்கிறார் எண்டா எங்கயோ சத்தமில்லாமல் இருப்பார், அவர் அப்பிடித்தான்" எண்டார். சனம் சிரிச்சுது. நல்ல சிரிப்பு, அண்ணை, அன்பான சிரிப்பு. அதோட கைதட்டல் மெல்ல மெல்லக் குறைஞ்சு, ஆக்கள் இருந்து, மண்டபம் அமைதியாப் போச்சு.

எல்லாரும் நிப்பாட்டின பிறகும் ஒரு ஆள் மட்டும் தனிய நிண்டு தட்டிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டுது. அது நீங்கள்.

உங்கட தங்கச்சி,
டொலறஸ்